பேலியோ: மூன்றரை வருடமும் நாலு மணிப் பசியும்

தேவகோட்டையிலிருந்து பங்காளி ஒருவர் நேற்று போன் பண்ணி, "அண்ணே, நானும் பேலியோ எடுக்கலாமா? நீங்க நல்லா இளைச்சீகளே" என்று கேட்டார். இளைத்தபோது பார்த்தவர், மறுபடி ஏறியதைப் பார்க்கவில்லை. அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

சோறு, கோதுமை, சர்க்கரையை விட்டுவிட்டு முட்டை, கறி, காய், பாதாம் என்று சாப்பிடுகிற டயட்தான் பேலியோ. 94 கிலோவில் ஆரம்பித்தேன். முதல் வாரமே 3 கிலோ போனது. அதில் முக்கால்வாசி தண்ணீர்தான் என்று அப்போது தெரியாது. மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைக்கும்; அது ஒரு கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்தினால் இரண்டும் சேர்ந்து இறங்கிவிடும். ஆனாலும் ஒன்பது மாதத்தில் 77 வந்தேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 7.4-லிருந்து 5.9. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. இதை மறுத்தால் நான் நன்றி கெட்டவன்.

என் சண்டையெல்லாம் சாயங்காலம் நாலு மணிக்கு வரும் பசியோடுதான். இளைத்துக்கொண்டிருந்தவரை பசியே இல்லை. 77-ல் நின்ற பிறகு வந்தது பாருங்கள்! ஆத்தா வீட்டின் உள்பக்கம், இரண்டாங்கட்டில் எண்ணெய் காய வைத்தால் வாசனை முகப்பு வரைக்கும் வரும். ஒரு கரண்டி மாவு ஊற்றினால் வெள்ளைப் பணியாரம் அடியில் கிடந்து, மெல்ல மேலே எழும்பி, நடு உப்பும். பக்கத்தில் மிளகாய்த் துவையல். அப்போதுதான் இரண்டு முட்டையும் பாதாமும் தின்றிருப்பேன், வயிறு நிறைந்துதான் இருக்கும். ஆனாலும் கை நடுங்குகிற மாதிரி ஒரு பசி.

எனக்கு இந்த டயட்டைச் சொல்லிக்கொடுத்தவரிடம் இந்தப் பசி ஏன் என்று கேட்டேன். "எங்கேயோ ஏமாத்துறீங்க" என்றார். இரண்டு வருடம் அதை நம்பி என்னையே திட்டிக்கொண்டேன். பிறகுதான் 2011-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வைப் படித்தேன். பத்து வாரம் கடும் டயட்டில் இளைத்தவர்களுக்கு, ஒரு வருடம் கழித்தும் பசியைத் தூண்டும், அடக்கும் ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. பசியும் முன்பைவிட அதிகம். படித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. இதை முதல் நாளே ஒருவர் சொல்லியிருக்கக் கூடாதா?

சோறு மட்டும்தான் எதிரி என்பதும் சரியில்லை. 2018-ல் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை வைத்து ஒரு வருடம் பார்த்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரி 6 கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் நிறைய இளைத்தவர்களும் உண்டு, எடை கூடியவர்களும் உண்டு.

அப்புறம் வரிசையாக மூன்று கல்யாணம், காலைப் பலகாரத்தில் கவுனி அரிசி இனிப்பு. இன்றைக்கு 88.

பங்காளிக்கு என் பதில், வேண்டாம் அப்பா. பிடிவாதமாக எடுப்பதென்றால், நீங்கள் சர்க்கரை மாத்திரை போடுகிறவர், டாக்டரைக் கேட்காமல் சோற்றை நிறுத்தாதீர்கள், சர்க்கரை தாழ்ந்துவிடும்.

நானோ திங்கள்கிழமை மறுபடி ஆரம்பிக்கிறேன். அந்த மாடிப்படியை மறக்க முடியவில்லை. இந்தத் தடவை மட்டும், பணியாரத்தைக் காலையில் சுட்டு எனக்கு இரண்டு வைக்கச் சொல்லி ஆத்தாவிடம் கேட்டிருக்கிறேன்.