சிறுவிடைக் கோழி வாங்கி ஏமாந்த கதை: வீட்டுக் கொல்லைக்குக் கோழி தேடுவோர் கவனத்திற்கு

வீட்டுக் கொல்லையில் ஐந்தாறு கோழிகள் வளர்க்க விரும்புபவர்கள், அதிலும் குழந்தைகள் இருக்கும் வீடு என்பதால் சாதுவான இனமாகத் தேடுபவர்கள், படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிட வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். தாராபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் வசிக்கும் நாங்கள் கடந்த ஆடி மாதத்தில் இப்படித்தான் 4,800 ரூபாயை இழந்தோம். பணத்தைவிடப் பெரிய இழப்பு பின்னால் வந்தது.

எங்களுக்குத் தேவைப்பட்டது பெரிதாக ஒன்றுமில்லை. பின்புறம் மூன்று சென்ட் இடம், ஆறு வயது மகள், வீட்டுச் செலவுக்குக் கொஞ்சம் முட்டை, அவ்வளவுதான். பெருவிடை என்று நம் பக்கம் சொல்லப்படும் அசில் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டோம். அசில் மனிதர்களைக் கொத்தும் முரட்டு இனம் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. கையில் எடுத்துப் பழக்கிய அசில் வளர்ப்பவரிடம் குழந்தையைப் போல நிற்கும். ஆனால் இன்னொரு கோழியை அது பொறுக்காது. குஞ்சுப் பருவத்திலேயே ஒன்றையொன்று கொத்தத் தொடங்கிவிடும் என்பதால் சிறிய இடத்தில் மற்றவற்றோடு சேர்த்து விட முடியாது. கடக்நாத் எளிதில் மிரளும், அடைகாப்பதிலும் அதற்கு நாட்டம் குறைவு. சில்கிக் கோழி மடியில் உட்காரும் அளவுக்குச் சாதுதான். ஆனால் அதன் பஞ்சு இறகு மழையில் தண்ணீரைத் தள்ளாமல் ஊறிவிடும். வனராஜா, நந்தனம் போன்ற மேம்படுத்தப்பட்ட இனங்கள் அமைதியானவை, முட்டையும் அதிகம் இடும். ஆயினும் அவை அடைகாப்பது அரிது; தாய்க்கோழி குஞ்சுகளோடு திரிவதை மகள் பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு இருந்தது. அதற்குச் சிறுவிடைதான் பொருத்தம். ஒன்றரைக் கிலோ அளவிலான சிறிய உடல், பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டதும் தானே அடையில் உட்காரும் குணம், குஞ்சிலிருந்து பழக்கினால் கூப்பிட்ட குரலுக்கு ஓடி வரும் இணக்கம் ஆகியவற்றைக் கேட்டறிந்த பிறகே அதைத் தேடத் தொடங்கினோம்.

கைப்பேசியில் வந்த விளம்பரம் ஒன்றில், முருங்கை மரத்தடியில் ஒரு பெட்டை குஞ்சுகளோடு மேயும் படம் இருந்தது. பேசியவர் மிகவும் பொறுமையாக விவரம் சொன்னார். இன்னும் பத்து நாளில் முட்டைக்கு வரும் விடைக்கோழி ஆறு, தலைக்கு 650 ரூபாய். சேவல் ஒன்று 900 ரூபாய். எல்லாத் தடுப்பூசியும் போட்டாகிவிட்டது என்றார். பாதிப் பணத்தை முன்கூட்டியே அனுப்பினோம். காலையில் நாங்களே வந்து பார்த்து எடுத்துக்கொள்கிறோம் என்று கேட்டதற்கு, வீண் அலைச்சல் எதற்கு, நானே கொண்டு வருகிறேன் என்றவர், இரவு எட்டு மணிக்குச் சரக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

எங்கள் ஏமாற்றத்தின் முக்கால் பங்கு அந்த எட்டு மணியில்தான் இருக்கிறது. கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. எவ்வளவு முரட்டுக் கோழியும் இரவில் கையில் எடுத்தால் துணிமூட்டையைப் போல அடங்கிக் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து என் மகள் கையில் அவர் கொடுத்தபோது, எவ்வளவு சாது என்று நாங்களே வியந்து, மீதிப் பணத்தையும் கொடுத்து அனுப்பினோம்.

விடிந்ததும் மகள் கம்பை அள்ளி வீசினாள். பெட்டைகள் ஓடி வந்தன, குனிந்தன, கொத்தின. ஆனால் தானியம் வாய்க்குள் போகவில்லை. ஒன்றைப் பிடித்துப் பார்த்தபோதுதான் மேல் அலகு பாதியாக வெட்டப்பட்டு மழுங்கியிருப்பதும், கீழ் அலகு கரண்டியைப் போல வெளியே நீண்டிருப்பதும் தெரிந்தன. கொட்டகையில் நெருக்கமாக அடைத்து வளர்க்கும் இடங்களில்தான் இப்படி அலகை வெட்டுவார்கள். மேய்ந்து வளரும் கோழிக்கு யாரும் இதைச் செய்வதில்லை. காலைப் பார்த்தால், இளங்கோழிக்கு வழவழப்பாக இருக்க வேண்டிய செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தன. கால்நடை மருத்துவர் இடுப்பெலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பார்த்தார்; முட்டையிடும் கோழிக்கு இரண்டு மூன்று விரல் நுழையும் இடத்தில் ஒரு விரல்கூட நுழையவில்லை. முட்டை ஓய்ந்து ஏதோ பண்ணையில் கழித்துவிட்ட கலப்பினக் கோழிகளை விடைக்கோழி என்று விற்றிருக்கிறார்கள் என்றார் அவர்.

சேவலின் கதை வேறு. அதன் கால் முள் இரண்டும் அறுக்கப்பட்டு, அறுத்த இடம் வட்டமாகத் தட்டையாகத் தெரிந்தது. முள்ளின் நீளத்தை வைத்து வயதைச் சொல்லிவிடலாம் என்பதால் அறுத்திருக்கிறார்கள். மூன்று கிலோவுக்கு மேல் இருந்த அந்த அசில் கலப்புச் சேவல், இரண்டாம் நாளே ஒரு பெட்டையின் கொண்டையைக் கிழித்தது; நான்காம் நாள் தண்ணீர் வைக்கப் போன மகளின் முழங்காலில் பாய்ந்தது. அதைப் பஞ்சாரத்தில் கவிழ்த்தே வைத்திருந்து, பிறகு வந்த விலைக்கு விற்றுவிட்டோம்.

பத்தாம் நாள் இரண்டு பெட்டைகள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தன; ஒன்று கழுத்தைத் திருகிக்கொண்டு சுற்றியது. அது வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய். மூன்று கோழிகள் செத்தன என்பதைவிட, பக்கத்து வீட்டு அம்மா எட்டு ஆண்டுகளாகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்த கோழிகளில் ஐந்து செத்ததுதான் எங்களைத் தலைகுனிய வைத்தது. புதிதாக வாங்கிய கோழியை மூன்று வாரமாவது தனியே வைத்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் செய்யவில்லை. அந்தத் தவறு எங்களுடையது. தடுப்பூசி எந்தத் தேதியில், எந்த மருந்து என்று விற்றவரிடம் கேட்டிருந்தாலே குட்டு உடைந்திருக்கும். முறைப்படி வளர்ப்பவர், ஏழாம் நாள் வெள்ளைக்கழிச்சலுக்கான லசோட்டா சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி என்று தயங்காமல் சொல்வார்.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசினேன். ரசீது இருக்கிறதா என்றார்கள். இல்லை. விற்றவரோ, எங்கள் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல்தான் செத்தன என்று சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்தார். அவர் சொன்ன ஊருக்கே போய்த் தேடிப் பார்த்தோம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை பூட்டிக் கிடந்தது; சுற்றிலும் ஒரு முருங்கை மரம்கூட இல்லை. அதே படத்தோடு அந்த விளம்பரம் வேறு எண்ணில் சென்ற வாரமும் எனக்கு வந்தது. அதில் ஊர் மட்டும் பழனி என்று மாறியிருந்தது.

பக்கத்து வீட்டு அம்மா, தன்னிடம் மிஞ்சிய ஒரு பெட்டையைத் தையில் அடை வைத்திருக்கிறார். பொரிப்பதில் நான்கு குஞ்சுகள் எங்களுக்கு என்று சொல்லியிருக்கிறார். பணம் வேண்டாம் என்கிறார், அதை எப்படி வாங்கிக்கொள்வது என்று தெரியவில்லை. அலகு வெட்டிய மூன்று கோழிகளும் இன்னும் எங்களிடமே இருக்கின்றன. தரையில் கொத்த முடியாததால், ஆழமான மண்சட்டியில் நான்கு விரல் உயரத்துக்குத் தீவனம் நிரப்பி வைக்கிறோம். அதில் அலகை முக்கி அள்ளித் தின்கின்றன.