மியூட் பட்டனுக்கு வேலை வைக்காதவர்கள்

2015-ல் சிகாகோவுக்குக் குடிவந்த புதிதில் பேஸ்பால் பார்க்க ஒரு ஸ்ட்ரீமிங் சந்தா கட்டினேன். உள்ளூர் அணிகளான கப்ஸ், ஒயிட் சாக்ஸ் ஆட்டங்கள் அதில் நேரலையாக வராது என்பது கட்டிய பிறகுதான் தெரிந்தது. சரி, காசு போட்டாயிற்று என்று வெளியூர் அணிகளைப் பார்த்தேன். அப்போதுதான் ஒரு வசதி கண்ணில் பட்டது: ஒரே ஆட்டத்தை இரண்டு அணிகளின் ஒளிபரப்பிலும் பார்க்கலாம். படம் கிட்டத்தட்ட ஒன்றுதான், வர்ணனை பேசுகிறவர்கள் வேறு. அன்றிலிருந்து எனக்கு யார் வர்ணனை என்பதுதான் முதல் கேள்வி, எந்த அணி ஆடுகிறது என்பது இரண்டாம் கேள்வி.

முதல் இரண்டு சீசனும் வின் ஸ்கல்லிக்கே போயின. 1950-ல் புரூக்ளினில் தொடங்கி 2016 வரை, 67 சீசன் டாட்ஜர்ஸ் அணிக்காக, அது லாஸ் ஏஞ்சலஸுக்கு மாறிய பிறகும், பேசியவர். லாஸ் ஏஞ்சலஸ் ஆட்டம் எங்கள் ஊரில் இரவு ஒன்பதுக்கு மேல்தான் தொடங்கும். மறுநாள் ஆபீஸில் கண் எரியும். ஆனாலும் விட மனசு வராது. மற்ற இடங்களில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். இவர் தனியாள், அதனால் பேச்சு முழுக்க நம்மோடுதான். ஒரு வீரரின் சின்ன வயசுக் கதையைத் தொடங்குவார். நடுவில் பந்து வந்தால் அதை ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, விட்ட இடத்தில் கதையைப் பிடிப்பார். வாயை மூடவும் தெரிந்த மனிதர். 1988 வேர்ல்ட் சீரிஸ் என்ற இறுதிக் கோப்பைத் தொடரின் முதல் ஆட்டத்தில், காலில் அடிபட்டு நொண்டிக்கொண்டே வந்த டாட்ஜர்ஸ் வீரர் கிர்க் கிப்சன் அடித்த ஹோம் ரன்னை (நம்ம சிக்ஸர் மாதிரி, எல்லைச் சுவரைத் தாண்டும் அடி) யூடியூபில் பாருங்கள். பந்து போய் விழுந்ததும் ஏறக்குறைய ஒரு நிமிஷம் ஸ்கல்லி பேசவே மாட்டார். கூட்டத்தின் சத்தம் மட்டும்தான்.

அவர் ஓய்வுபெற்ற பிறகு நியூயார்க்கின் மெட்ஸ் அணிப் பக்கம் போனேன். கேரி கோஹன், கீத் ஹெர்னாண்டஸ், ரான் டார்லிங் மூவரும் 2006 முதல் ஒன்றாக இருக்கிறார்கள். பின்னவர்கள் இருவரும் 1986-ல் கோப்பை வென்ற மெட்ஸ் அணியில் ஆடியவர்கள். ஆனாலும் சொந்த அணி சொதப்பினால் பூசி மெழுக மாட்டார்கள். முதல் பேஸில் (அடித்தவர் முதலில் ஓடித் தொட வேண்டிய இடம்) நின்று, சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளவ் விருதை 11 முறை வாங்கியவர் ஹெர்னாண்டஸ்; அங்கே இப்போது நிற்பவர் காலைத் தப்பாக வைத்தால் மைக்கிலேயே ஒரு பெருமூச்சு கேட்கும். அந்தப் பெருமூச்சுக்காகவே சந்தா கட்டலாம்.

சான் பிரான்சிஸ்கோவின் டுவேன் கைப்பர், மைக் குருக்கோ ஜோடி கலகலப்பு. கைப்பர் தன் ஆட்டக்காலம் முழுக்க அடித்தது ஒரே ஒரு ஹோம் ரன். அடுத்தவர் அடிக்கும்போது அவ்வளவு உற்சாகமாகக் கத்துவது அதனால்தானோ என்னவோ.

எல்லாரும் இப்படி இல்லை. சில ஒளிபரப்புகளில் ஒன்பது இன்னிங்ஸில் இரண்டாவதிலேயே ஒலியை அணைத்திருக்கிறேன்; எதிரணி நல்ல கேட்ச் பிடித்தால் அங்கே இழவு வீட்டு மௌனம்.

2023-ல் பிட்ச் கிளாக், அதாவது பந்து வீச நேரக்கெடு வைக்கும் கடிகாரம், வந்தது. பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) வீச ஆரம்பிக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்த ஆட்டம் சராசரி 2 மணி 40 நிமிடத்துக்கு வந்துவிட்டது. தூங்கப் போகிற எனக்கு லாபம், கதைகளுக்குத்தான் இடமில்லை. பாதிக் கதையில் அடுத்த பந்து, அப்புறம் அதற்கடுத்தது; 'மீதியை அப்புறம் சொல்கிறேன்' என்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

சமையல் வேலை இருந்தால் மட்டும் டிவி படத்துக்கு ரேடியோ வர்ணனையை வைத்துக்கொள்வேன். தோசைக்கல்லை விட்டு நகராமலே பந்து எங்கே போனது என்று தெரிந்துவிடும்.