அப்பாவின் அஸ்தியைக் காசிக்கு அனுப்புகிறோம் என்றவர்களிடம் 1,45,000 ரூபாய் கொடுத்து ஏமாந்தோம்

கை நடுக்கத்தோடு எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் செத்தவீடு நடந்த இன்னொரு குடும்பமாவது தப்பட்டும்.

அப்பாவுக்குக் காசிக்குப் போகவேண்டும் என்று பெரிய ஆசை. 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டும் அதைத்தான் சொன்னார். உயிரோடு கூட்டிப்போக எங்களுக்கு வசதி வரவில்லை. காடாற்றி அஸ்தி எடுத்த அன்று மாமா, "யாழ்ப்பாணம் கீரிமலைக் கடலில கரைப்பம், அதுதானே எங்கட வழமை" என்றார். நான்தான் கேட்கவில்லை.

பேஸ்புக்கில் பார்த்து வவுனியாவில் ஒரு யாத்திரை முகவர் கடைக்குப் போனோம். கடைக்காரர் என்னைக் கண்டதும் எழும்பி, செருப்பைக் கழற்றிவிட்டு, அஸ்தி வைத்த மண் முட்டியை இரண்டு கையாலும் வாங்கி சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார். "தம்பி யோசிக்காதேங்கோ, இனி இவர் என்ர அப்பா மாதிரி" என்றார். நான் அழுதுவிட்டேன். அந்த இடத்தில்தான் விழுந்தேன். காசிக்கு 1,20,000, கங்கையும் யமுனையும் சேருகிற திரிவேணி சங்கமத்திலும் கொஞ்சம் கரைக்க இன்னும் 25,000. பற்றுச்சீட்டு கேட்க எனக்கே வெட்கமாக இருந்தது, அப்பாவின் அஸ்திக்கு முன்னால் காசுக் கதையா என்று. கேட்கவில்லை.

31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கீரிமலைக்குப் போயிருந்தோம். கேணியில் முழுகிவிட்டு ஏறுகிறேன், வட்ஸ்அப்பில் வீடியோ வருகிறது. 40 செக்கன். யாரோ ஒருவர் சிவப்புத் துணி கட்டிய முட்டியைத் தண்ணீரில் கவிழ்க்கிறார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இது அப்பான்ர வேட்டித் துண்டு இல்லை" என்றார். நாங்கள் கட்டியது அப்பாவின் வெள்ளை வேட்டியில் கிழித்த துண்டு. அதைவிட, வீடியோவில் அலை வந்து வந்து கரையில் உடைகிறது. முல்லைத்தீவுக் கடலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஆறு எது கடல் எது என்று தெரியாதா?

உடனே அழைத்தேன். "அங்க மழைக்காலம், கங்கையில அலைதான்" என்றார். துணியைக் கேட்டால் "அங்கத்தைய ஐயர் மாத்திக் கட்டியிருப்பார்". அடுத்த நாள் "முதலாளி இந்தியா போயிட்டார்". அதற்கடுத்த நாள் ஒரு பெண் பிள்ளை எடுத்து, "அண்ணா, நான் இங்க புதுசு" என்றாள். பிறகு என் இலக்கத்தையே தடுத்துவிட்டார்கள். நேற்று நேரில் போனால் பூட்டு. பக்கத்துக் கடைக்காரர், நான் இந்த மாதத்தில் வந்த மூன்றாவது ஆள் என்கிறார். 1,45,000 ரூபாய், அதில் பாதி தங்கச்சியின் காப்பு அடகு வைத்த காசு.

என்ன செய்யவேண்டும் என்று விரிவாக எழுதத்தான் தொடங்கினேன், இப்போது முடியவில்லை. பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். முழு அஸ்தியையும் கொடுக்காதீர்கள், கொஞ்சம் வீட்டில் வையுங்கள். முடிந்தால் சொந்தக்காரர் ஒருவரையே அனுப்புங்கள், இல்லாவிட்டால் கீரிமலை இருக்கிறது, திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தம் இருக்கிறது, எங்கள் கடல் இருக்கிறது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்துவிட்டேன்.

இதை அந்தக் கடைக்காரர் பார்த்தால் ஒன்று மட்டும் சொல்லட்டும். 1,45,000 ரூபாயைப் பிறகு பார்ப்போம். அந்த முட்டி எங்கே? அம்மா விடிந்ததிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.