பசளையா, விலையா, காணியா? மலையகத்துச் சிறு விவசாயிக்கு எது முதலில்

வரவு செலவுத் திட்டம் நெருங்கும் ஒவ்வொரு முறையும் மலையகத்தில் மூன்று கோரிக்கைகள் எழும். பசளையை மலிவாகத் தாருங்கள் என்பது ஒன்று. விளைச்சலுக்கு நிச்சய விலை தாருங்கள் என்பது இன்னொன்று. மூன்றாவது பெரும்பாலும் தோட்டப்புறத்தில் கேட்பது: காணியைத் தாருங்கள். அரசிடம் இருக்கும் பணம் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் போதாது. ஆகவே எது முதலில் என்று கேட்டுத்தான் ஆக வேண்டும். என் பதில் காணி. ஆனால் மற்ற இரண்டின் நியாயத்தையும் எடை போடாமல் அதைச் சொல்லிவிட முடியாது.

எந்த அளவுகோலால் எடை போடுவது? இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு 8 சதவீதம் அளவுதான். வேலை செய்பவர்களிலோ ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதை நம்பி இருக்கிறார்கள். இவ்வளவு கைகள் உழைத்தும் வருமானம் இவ்வளவுதான் என்றால், ஒரு கையின் உழைப்புக்குக் கிடைப்பது மிகக் குறைவு என்று பொருள். அந்தக் கைக்கு அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் கூடுதலாகக் கிடைக்கச் செய்யும் உதவிதான் நாட்டின் பொருளாதாரத்தையும் வளர்க்கும். ஒரு போகத்தைத் தாண்ட வைக்கும் உதவி வேறு, அடுத்த போகத்தில் மறுபடியும் கையேந்தாமல் இருக்க வைக்கும் உதவி வேறு.

பசளை மானியத்திலிருந்து தொடங்கலாம். 1962இல் நெற்செய்கைக்காக வந்த ஏற்பாடு இது. அதன்பின் ஒவ்வோர் அரசும் அதன் உருவத்தை மாற்றியது. 2005இல் 50 கிலோ மூட்டை 350 ரூபாய் ஆனது. 2016இல் மூட்டைக்குப் பதிலாக ஹெக்டேருக்கு வருடம் 25,000 ரூபாய் பணமாகக் கொடுத்தார்கள். 2018இல் மீண்டும் மூட்டைக்குத் திரும்பினார்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியையே நிறுத்தினார்கள். அதனால் என்ன நடந்தது என்பதை மலையகம் மறக்கவில்லை. 2021இல் 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த தேயிலை உற்பத்தி அடுத்த வருடம் 25 கோடி கிலோவளவுக்கு விழுந்தது. வருடத்துக்கு 130 கோடி டொலருக்கு மேல் கொண்டுவரும் பயிர் அது. நாட்டிடம் டொலரே இல்லாத காலத்தில் இப்படி நடந்தது.

ஆகவே பசளை முக்கியமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மானியத்தின் பெரிய பலம் வேகம். பணம் இன்று வந்தால் அடுத்த மழைக்கு முன் மலையில் உரம் விழும். காணி விவகாரம் அப்படி முடியாது. நில அளவையாளர் வர வேண்டும், வரைபடம் வேண்டும், வழக்கு வந்தாலும் வரும்.

ஆனால் மலையகத்தில் இந்த மானியத்துக்கு இரண்டு குறைகள் உண்டு. முதலாவது மண். நுவரெலியா, வெலிமடைப் பக்கத்து மரக்கறி நிலங்களில் போசணை குறைவு என்பதைவிட, பல இடங்களில் பொஸ்பரஸ் மிதமிஞ்சிச் சேர்ந்திருப்பதுதான் பிரச்சினை. கரட், லீக்ஸ், கோவா, உருளைக்கிழங்கு என்று ஓய்வில்லாமல் பயிரிட்டு, ஒவ்வொரு தடவையும் ‘கொஞ்சம் கூடவே போடுவோம்’ என்று அள்ளிப் போட்டதன் விளைவு. அங்கே மூட்டையை மலிவாக்கினால் அது மழையோடு ஆற்றில்தான் சேரும். மண்ணைப் பரிசோதித்து, தேவையானதை மட்டும் போடச் சொல்லும் ஒரு விவசாயப் போதனாசிரியர் அந்த இடத்தில் பத்து மூட்டையைவிடப் பெறுமதியானவர்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. மானியம் விவசாயிகளைப் பதிந்து வைக்கும் அரச அலுவலகமான கமநல சேவை நிலையத்தின் வழியாக வருகிறது. அங்கே பெயர் பதியக் காணி விபரம் வேண்டும், கமக்காரர் அமைப்பில் இருக்க வேண்டும். கந்தப்பளையிலோ ராகலையிலோ லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்குப் பின்னால் அரை ஏக்கரில் லீக்ஸ் போடும் குடும்பத்துக்கு அந்த நிலத்தின்மேல் எந்தக் கடதாசியும் இல்லை. நிலம் அரசுடையது, குத்தகை பெருந்தோட்டக் கம்பனியுடையது, வியர்வை மட்டும் இவர்களுடையது. பக்கத்துக் கிராமத்துக்காரரும் இவர்களும் ஒரே லொறியில்தான் மரக்கறி ஏற்றுகிறார்கள். ஒருவர் விவசாயி, மற்றவர் பெரும்பாலும் பதிவேட்டிலேயே இல்லை. மானியத்தை இரட்டிப்பாக்கினாலும் இந்தக் குடும்பத்துக்கு ஒரு சதமும் கூடுதலாக வராது. பசளையையும் காணியையும் ஒப்பிடும்போது பலர் கவனிக்காமல் விடும் இடம் இது: காணி இல்லாதவருக்கு மானியத்தின் வாசலே திறப்பதில்லை.

சரி, விலைக்கு வருவோம். நிச்சய விலை எல்லாப் பயிருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யாது. இதில் மலையகத்துக்குள்ளேயே நல்ல ஒப்பீடு கிடைக்கிறது.

தேயிலைச் சிறுதோட்டக்காரருக்கு ஒரு சூத்திரம் உண்டு. தொழிற்சாலை தன் தேயிலையை விற்றுப் பெறும் சராசரி விலையில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு, 32 சதவீதம் தொழிற்சாலைக்கு. இது ஓரளவு நடைமுறையில் இருப்பதற்குக் காரணம் கொழும்பு ஏலம். 1883 முதல் நடக்கும் அந்த ஏலத்தில் தேயிலை என்ன விலைக்குப் போனது என்பது எல்லோருக்கும் தெரியும். கொழுந்து சேகரிப்பவர் ‘ஈரம்’ என்று சொல்லி நிறையில் வெட்டுவது இன்றும் உண்டு. ஆனாலும் சண்டை போட ஒரு கணக்கு இருக்கிறது. பாலும் அப்படித்தான். சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பின் அளவைப் பார்த்து விலை போடுகிறார்கள், காசு ஒழுங்காக வருகிறது. பால் கேனை இறக்கும்போது காணிப் பத்திரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. தோட்டக் குடும்பங்களில் பலர் மாடு வளர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். நாட்டின் பால் தேவையில் பாதியைக்கூட நாம் உற்பத்தி செய்வதில்லை என்பதால், இந்தப் பக்கம் செலவழிக்கும் பணம் வீண்போகாது.

மரக்கறிக்கு அந்த வசதி இல்லை. நெல்லை வாங்கிக் களஞ்சியத்தில் வைக்கலாம். அதற்கு 1971ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த நெல் சந்தைப்படுத்தல் சபை இருக்கிறது, விலை அறிவிக்கிறது. கரட்டையும் லீக்ஸையும் எங்கே வைப்பது? கெப்பட்டிபொலவிலோ நுவரெலியாவிலோ உள்ள பொருளாதார மத்திய நிலையத்தில் காலையில் இறக்கிய மரக்கறி அன்றே போயாக வேண்டும். வரத்து கூடினால் விலை விழும், கோவாவை மலையிலேயே விட்டுவிடுவார்கள். அரசு விலை அறிவித்தாலும் வாங்குவதற்கு ஆளோ குளிரறையோ இல்லாவிட்டால் அது அறிவித்தலோடு நின்றுவிடும். சாக்கில் திணித்து ஏற்றுவதை விட்டுப் பிளாஸ்டிக் கூடைக்கு மாறினாலே கணிசமான மரக்கறி அழுகாமல் போய்ச் சேரும். ‘உத்தரவாத விலை’ என்ற பெரிய வாக்குறுதியைவிடக் கூடைக்கு உதவுவது நல்லது. மலிவும்கூட.

உருளைக்கிழங்குக்கு இன்னொரு வழி: இறக்குமதி வரி. 2007ஆம் ஆண்டின் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வெலிமடை, ஊவா பரணகம பக்கம் அறுவடை வரும்போது வரியைக் கூட்டுவார்கள், சந்தையில் விலை ஏறினால் குறைப்பார்கள். சரியான வாரத்தில் கூட்டினால் இது உண்மையாகவே உதவும். இரண்டு வாரம் பிந்தினால் இறக்குமதிக் கிழங்கு களஞ்சியங்களை நிறைத்துவிடும். அதோடு, விதைக்கிழங்கையும் மருந்தையும் வியாபாரியிடம் கடனாக வாங்கியவருக்கு விலை ஏறினாலும் பெரிய லாபம் இல்லை, அவர் கிழங்கு ஏற்கெனவே அந்தக் கடனுக்குப் போய்விட்டது. வங்கிக்குப் போயிருக்கலாமே என்று கேட்கலாம். வங்கி முதலில் கேட்பது பிணை, அதாவது காணி உறுதி.

காப்புறுதி பற்றி நீட்டத் தேவையில்லை. விவசாய, கமநலக் காப்புறுதிச் சபை உருளைக்கிழங்கு உட்பட ஆறு பயிர்களுக்குத் தவணைக் கட்டணம் இல்லாமல் காப்புறுதி கொடுத்து வந்திருக்கிறது. நல்ல திட்டம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலைகளைச் சரித்தபோது அதன் தேவை எல்லோருக்கும் புரிந்தது. கரட்டும் லீக்ஸும் அந்த ஆறில் இல்லை. லயத்துத் தோட்டக்காரர் இங்கேயும் பதிவேட்டுக்கு வெளியில்தான்.

பசளை, கடன், காப்புறுதி என்று எதைத் தொட்டாலும் காணிக் கடதாசிக்கே வந்து நிற்கிறோம். இது தற்செயல் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் காணியற்ற கிராமத்தவருக்கு அரச காணி கொடுக்க வழி செய்தது. தோட்ட மக்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 1948இல் குடியுரிமையும் போனது. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின, அங்கே உழைத்தவர்களுக்கு நிலம் வரவில்லை. 1992இல் நிர்வாகம் 20க்கும் மேற்பட்ட கம்பனிகளுக்குப் போனது, அப்போதும் வரவில்லை. பிரதேச சபை தோட்டத்துக்குள் ஒரு பாதை போடுவதற்கே 2018இல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது.

காணி கொடுத்தால் உற்பத்தி விழுந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு இந்த நாட்டிலேயே பதில் இருக்கிறது. 1975இல் தேயிலை சிறுதோட்ட அபிவிருத்தி அதிகார சபைக்கான சட்டம் வந்த காலத்தில் தேயிலை என்றால் பெருந்தோட்டம்தான். இன்று நாட்டின் தேயிலையில் ஏறக்குறைய முக்கால் பங்கு சிறுதோட்டங்களிலிருந்து வருகிறது. அவர்களிடம் இருப்பதோ தேயிலை நிலத்தில் 60 சதவீதம் அளவு. இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் செய்த வேலை இது. நிலம் சொந்தம், மீள்நடுகைக்கு மானியம், ஆலோசனைக்கு அதிகாரி, கொழுந்து வாங்கப் பக்கத்தில் தொழிற்சாலை. இந்த நான்கும் சேர்ந்ததால்தான் அது நடந்தது, காணி மட்டும் தனியாகச் செய்யவில்லை. மலையகத்தில் கவாத்து வெட்டவும் கொழுந்து பறிக்கவும் தலைமுறையாகப் பழகிய கைகள் இருக்கின்றன. தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில் இருக்கிறது. சொந்த நிலம்தான் இல்லை.

இதற்குப் போட்டியாகக் கம்பனிகள் முன்வைப்பது வருமானப் பகிர்வு முறை. தேயிலை மலையில் ஒரு பகுதியைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பராமரித்துப் பறித்துக் கொடுத்தால் கொழுந்துக்கு விலை, பசளைச் செலவைக் கழித்து மீதி கையில். நாட்சம்பளத்தைவிடக் கூடுதலாக உழைக்கும் குடும்பங்கள் இதில் உண்டு, அதை மறுக்க மாட்டேன். நேரத்தைத் தாங்களே தீர்மானிக்கலாம் என்பதும் பெண்களுக்குப் பெரிய விஷயம். ஆனால் நிலம் கம்பனியுடையதாகவே இருக்கிறது. கொழுந்தை வாங்குபவரும் அதே கம்பனி, விலை போடுபவரும் அதே கம்பனி. தொழிலாளி என்ற நிலை போனால் ஊழியர் சேமலாப நிதி என்னாவது என்ற பயம் நியாயமானது. கமநல சேவை நிலையத்தில் பதியவும் வங்கிக்குப் போகவும் கடதாசி இங்கேயும் கிடைப்பதில்லை. ஆக, சிறுதோட்டக்காரரின் ஆபத்து முழுவதும் இவர் தலையில், உரிமை மட்டும் இல்லை. இதை இறுதித் தீர்வாக ஏற்பதற்கு நான் எதிரானவன். சேமலாப நிதி தொடரும் என்ற எழுத்து உறுதியோடு, உரிமைக்குப் போகும் வழியில் ஓர் இடைக்கட்டமாக இருந்தால் சரி.

வீட்டுக்கு என்று பேசப்படும் 10 பேர்ச்சஸையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். பத்தில் வீடு கட்டி, முற்றம் விட்டால் நான்கு பாத்தி கீரைக்கு இடம் மிஞ்சும். லயத்திலிருந்து வெளியேற அது அவசியம், வாழ்வாதாரத்துக்குக் கணக்கு வேறு. அரை ஏக்கருக்குக் குறைந்தால் தேயிலையிலோ மரக்கறியிலோ ஒரு குடும்பம் நிமிர்வது கடினம்.

காணிக்கு எதிரான வாதங்களில் ஒன்று உண்மையிலேயே கனமானது: சரிவு. செங்குத்தான நிலத்தில் தேயிலையைப் பிடுங்கிவிட்டு மரக்கறி போட்டால் மண் இறங்கும், டித்வாவுக்குப் பிறகு இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாயம் என்று குறித்த இடங்களைப் பிரிப்பிலிருந்து விலக்க வேண்டும், சரிவில் தேயிலை அல்லது மரப்பயிர் மட்டும் என்று நிபந்தனை போட வேண்டும். வெளியார் வாங்கிவிடுவார்கள் என்ற வாதத்துக்குச் சில வருடங்களுக்கு விற்பனைத் தடை போதும். அனுமதிப்பத்திரக் காணிகளில் அது பழைய நடைமுறைதான்.

தொடங்கும் இடமும் தெரிந்ததே. கண்டி, மாத்தளை மாவட்டங்களில் அரச நிறுவனங்களான பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் ஜனவசமவும் நடத்தும் தோட்டங்களில் காடாகிக் கிடக்கும் நிலங்கள் உண்டு. அங்கே கம்பனிக் குத்தகை என்ற தடை இல்லை. குடும்பத்துக்கு அரை ஏக்கர், கொழுந்து பறிப்பவர் பெரும்பாலும் பெண் என்பதால் உறுதியில் அவர் பெயர், அதே நாளில் சிறுதோட்ட அதிகார சபையில் பதிவு. புதிய தேயிலை பலன் தர மூன்று நான்கு வருடம் ஆகும். பசளை மானியத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை அந்த இடைக்கால வருமானத்துக்கும் மாட்டுக்கும் மண் பரிசோதனைக்கும் திருப்பலாம். உறுதி கைக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் இருக்கிறது: தோட்டத்தில் மரக்கறி செய்பவரை, தோட்ட நிர்வாகமும் கிராம உத்தியோகத்தரும் தரும் பயிர்ச்செய்கை உறுதிக் கடிதத்தை வைத்துக் கமநல சேவை நிலையத்தில் பதிவதற்கு ஒரு சுற்றறிக்கை.