பழைய சிங்க்ரோ வேனின் டிஃபரன்ஷியல் பூட்டுகள்: பதினோரு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

என்னிடம் இருப்பது 1988ஆம் ஆண்டின் ஃபோக்ஸ்வாகன் டி3 சிங்க்ரோ, நான்கு சக்கர இழுவை உள்ள வகை. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தப்பட்ட கேம்பர் வேன். 2.1 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். பின் அச்சுக்கும் முன் அச்சுக்கும் தனித்தனி டிஃபரன்ஷியல் பூட்டு. டிஃபரன்ஷியல் என்பது ஓர் அச்சின் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் உருள விடும் பல்லிணைப்பு; பூட்டு அதைத் தடுத்து இரண்டையும் ஒன்றாகச் சுழலவைக்கும். பதினோரு ஆண்டுகளாக ஓட்டுகிறேன். இந்தக் காலத்தில் அந்தப் பூட்டுகள் உண்மையிலேயே தேவைப்பட்ட தருணங்களை எண்ணினால் நாற்பதைத் தாண்டாது. ஆனால் அவற்றைச் சரிபார்ப்பதற்காக வண்டிக்கு அடியில் படுத்திருந்த நேரம் அதைவிடப் பல மடங்கு. அந்தக் கணக்கு எனக்கு நட்டமாகத் தோன்றவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அமைப்பைச் சொல்லிவிட வேண்டும். 1985இல் விற்பனைக்கு வந்து 1992 வரை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் தயாரிக்கப்பட்ட இந்த வண்டியில் எஞ்சின் பின்புறம் இருக்கிறது. கியர்பாக்ஸும் பின் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் அடங்கியவை. அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு முன் அச்சுக்குச் செல்கிறது. அந்த முனையில் விஸ்கஸ் கப்ளிங் இருக்கிறது. பின் சக்கரங்கள் முன் சக்கரங்களைவிட வேகமாகச் சுழலத் தொடங்கினால், கப்ளிங்குக்குள் இருக்கும் சிலிக்கோன் திரவம் இறுகி, விசையை முன்னுக்கு அனுப்புகிறது. ஓட்டுநர் எதையும் இழுக்கவோ அழுத்தவோ வேண்டியதில்லை. இவ்வளவு இருக்கும்போது பூட்டு எதற்கு என்று நானும் முதல் ஆண்டில் நினைத்தேன்.

விடை ஒரு பள்ளமான வண்டிப்பாதையில் கிடைத்தது. வலப் பின் சக்கரமும் இட முன் சக்கரமும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும்பி நின்றன. பூட்டில்லாத டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரங்களுக்கும் சம அளவு திருப்புவிசையையே தரும். ஒரு சக்கரம் காற்றில் சுழன்றால், தரையில் இருக்கும் மற்றதற்கும் ஏறத்தாழ ஒன்றுமே கிடைக்காது. விஸ்கஸ் கப்ளிங் தன் கடமையைச் செய்து விசையை முன்னுக்கு அனுப்பியது. அங்கேயும் காற்றில் இருந்த சக்கரமே அதை வாங்கிக்கொண்டது. நான்கு சக்கர இழுவை வண்டி, இரண்டு சக்கரங்களைக் காற்றில் சுழற்றிக்கொண்டு அசையாமல் நின்றது. டாஷ்போர்டில் இருக்கும் பின் பூட்டின் குமிழை இழுத்து, பூட்டு விழுந்ததைக் காட்டும் விளக்கு எரியும்வரை காத்திருந்து, கிளட்சை மெல்ல விட்டேன். ஆக்சிலரேட்டரை ஏறக்குறைய மிதிக்காமலே வண்டி ஏறிவிட்டது.

"விளக்கு எரியும்வரை காத்திருந்து" என்று எழுதியதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். குமிழை இழுப்பது வேறு, பூட்டு விழுவது வேறு. உள்ளே ஒரு கவை, பற்களுடைய வளையம் ஒன்றை நகர்த்தி எதிர்ப் பற்களோடு கோக்கிறது. பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் கோத்துக்கொள்ளாது. இரு சக்கரங்களுக்கும் இடையே சிறிதளவு சுழற்சி வேறுபாடு வந்தால்தான் பல் இடைவெளியைக் கண்டுகொள்ளும். ஆகவே நின்ற இடத்திலோ நடைவேகத்திலோ குமிழை இழுத்து, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பி ஒரு முழம் நகர்த்தினால் "டக்" என்ற மெல்லிய ஓசையோடு விளக்கு எரியும். சக்கரம் ஏற்கெனவே வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்போது இழுப்பது பற்களை உடைக்கும் வழி. அதை நான் ஒருமுறைகூடச் செய்ததில்லை, செய்தவர்களின் கியர்பாக்ஸ் எண்ணெயில் இரும்புத் துண்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

விடுவிப்பதும் அப்படியே. குமிழைத் தள்ளியவுடன் விளக்கு அணையாவிட்டால் பழுது என்று பதற வேண்டியதில்லை. அச்சில் முறுக்கு ஏறியிருப்பதால் பற்கள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்திருக்கும். நேராக இரண்டு மூன்று மீட்டர் பின்னே வந்தாலோ, தளர்ந்த மண்ணில் ஸ்டியரிங்கை இடமும் வலமும் மெல்ல ஆட்டினாலோ பிடி தளரும். அதற்கு முன் தார்ச் சாலையில் ஏறிவிடக் கூடாது. என் வண்டியில் இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் உள்ள தூரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கால் வட்டம் திரும்பும்போது, அந்த வளைவு பெரிதோ சிறிதோ, வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட ஏறத்தாழ 2.4 மீட்டர் அதிகம் உருண்டாக வேண்டும். மணலில் அந்த வேறுபாட்டை டயர் வழுக்கித் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையில் வழுக்க இடமில்லாததால், அது சக்கரங்களுக்குச் செல்லும் அரைத் தண்டுகளையும் பற்களையும் முறுக்கும்.

பூட்டு எல்லா இடத்திலும் உதவும் என்று எண்ணியதும் என் தவறுதான். ஈரப் புல் மூடிய பக்கச் சரிவு ஒன்றில், முன்னெச்சரிக்கை என்ற பெயரில் பின் பூட்டைப் போட்டுக்கொண்டே குறுக்காகச் சென்றேன். பூட்டு இல்லாதிருந்தால் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கியிருக்கும். மற்றது பக்கவாட்டில் வண்டியைப் பிடித்து வைத்திருக்கும். பூட்டியிருந்ததால் இரண்டும் சேர்ந்து பிடியை இழந்தன. வண்டியின் பின்பகுதி சரிவில் பக்கவாட்டாக இறங்கத் தொடங்கியது. ஒரு வேலிக்கம்பத்துக்கு இரண்டடி முன்னால் நின்றது. நிரம்பிய தண்ணீர்த் தொட்டியும் பின்னால் இருக்கும் எஞ்சினும் சேர்ந்து தரும் எடையை அன்றுதான் சரியாக உணர்ந்தேன். அதன்பின் பக்கச் சரிவில் பூட்டைத் தொடுவதில்லை. மணலிலும் முதலில் டயர்க் காற்றை ஏறத்தாழ பாதியாகக் குறைப்பேன். பெரும்பாலும் அதுவே போதுமானதாக இருந்து, பூட்டுக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

இனி பராமரிப்பு. இந்த வண்டியில் பூட்டை நகர்த்துவது வெற்றிடம். பெட்ரோல் எஞ்சினில் அது இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து, அதாவது எஞ்சினுக்குள் காற்று செல்லும் குழாய்த் தொகுதியிலிருந்து, கிடைக்கிறது; டீசல் வண்டியில் அதற்கென ஒரு பம்பு இருக்கும். எஞ்சினிலிருந்து குழாய் டாஷ்போர்டுக்கு வந்து, குமிழைத் தொட்டு, மீண்டும் கியர்பாக்ஸுக்குப் போகிறது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு தகரப் பெட்டி; அதனுள்ளே ரப்பர் டயஃப்ரம் எனும் சவ்வு; ஒரு பக்கம் உறிஞ்சினால் பூட்டும், மறுபக்கம் உறிஞ்சினால் விடுவிக்கும். எளிமையான ஏற்பாடு. ஆனால் வெற்றிடத்தின் வலிமைக்கு இயற்கையே ஒரு வரம்பு வைத்திருக்கிறது: கடல்மட்டத்தில் காற்றின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவுதான், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அதில் பாதிக்குச் சற்று மேல் கிடைக்கும், ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. ஆகவே சக்கரம் சிக்கியதும் எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே குமிழை இழுப்பவருக்குப் பூட்டு விழாததில் வியப்பில்லை. காலை எடுத்துவிட்டு ஐட்லிங்கில் இழுக்க வேண்டும். துருவும் இந்தச் சிறிய வலிமையை எளிதில் வென்றுவிடும்.

என் பின் பூட்டு அப்படித்தான் நின்றுபோனது. மூன்றாம் ஆண்டில் ஏறத்தாழ எட்டு மாதம் அதை இழுத்தே பார்க்கவில்லை. தேவைப்பட்டபோது விளக்கு எரியவில்லை. குறை வண்டியின்மேல் இல்லை, என்மேல்தான். தகரப் பெட்டி, சக்கரங்கள் வாரியடிக்கும் சேறும் உப்பும் நேராக வந்து விழும் இடத்தில் இருக்கிறது. அதன் தண்டை மூடும் ரப்பர் உறை கிழிந்திருந்ததை நான் பார்த்தும் தள்ளிப்போட்டிருந்தேன். பெட்டியைக் கழற்றி, தண்டையும் பூட்டின் நெம்புமுனையையும் தனித்தனியே அசைத்துப் பார்த்ததில் இரண்டுமே இறுகியிருந்தன. நெம்புமுனைக்கு ஐந்து நாள் துருநீக்கி எண்ணெய் விட்டு, தினமும் இடுக்கியால் இம்மியளவு முன்னும் பின்னும் அசைத்தேன். சுத்தியலை எடுக்கவில்லை, உள்ளே இருக்கும் கவை அடிக்காக வடிவமைக்கப்பட்டதன்று. ஆறாம் நாள் விரலாலேயே நகர்ந்தது. பெட்டியைக் காப்பாற்ற முடியவில்லை, மாற்றினேன். புதியதைப் பொருத்தும்போது உறைக்குள் கிரீஸ் நிரப்பினேன். அன்றிலிருந்து ஆண்டுக்கொரு முறை அதைப் புதுப்பிக்கிறேன்.

இன்னொரு கோளாறு நீண்ட நாள் என்னை அலைக்கழித்தது. எஞ்சின் ஐட்லிங்கில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு பணிமனையில் ஸ்பார்க் பிளக், அதன் வயர்கள் எல்லாம் மாற்றினார்கள், மாற்றம் இல்லை. கடைசியில் நானே பூட்டுகளுக்குப் போகும் வெற்றிடக் குழாயை எஞ்சினருகே விரலால் நசுக்கினேன்; எஞ்சின் உடனே அமைதியானது. முன் பூட்டுக்குச் செல்லும் குழாயின் ரப்பர் முனை வெடித்திருந்தது. அந்த விரிசல் வழியாக, எரிபொருள் அமைப்பு அளந்து பாராத காற்று மேனிஃபோல்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. பூட்டுக்கான குழாய் எஞ்சினைக் கெடுக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான். இப்போது கையால் இயக்கும் வெற்றிடப் பம்பு ஒன்றை வண்டியிலேயே வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கிளையிலும் அதை மாட்டி, அரை பார், அதாவது காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பாதி, அளவுக்கு உறிஞ்சி, ஒரு நிமிடம் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்ப்பேன். முள் இறங்கினால் அந்தக் கிளையில்தான் கசிவு. மற்றவற்றைத் தொட வேண்டியதில்லை.

விளக்கையும் முழுவதும் நம்பிவிட முடியாது. அது குமிழின் நிலையைக் காட்டவில்லை, பூட்டின் உண்மை நிலையைக் காட்டுகிறது என்பதால் குமிழைவிட அதை நம்பலாம். ஆனால் அதன் ஸ்விட்சும் சேற்றில் வாழ்கிறது. ஐயம் வந்தால் சமதரையில் முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவிப்பேன். பூட்டு திறந்திருந்தால் உயர்த்திய சக்கரம் கையால் மெல்லத் திரும்பும். விஸ்கஸ் கப்ளிங்கின் இழுப்பு மட்டும் தெரியும். பூட்டு விழுந்திருந்தால் திரும்பாது. வண்டிக்கு அடியில் உடம்பு இல்லாமல், பக்கத்தில் நின்றே செய்யக்கூடிய சோதனை இது.

மற்றவை சிறியவை. பின் பூட்டுக்குத் தனி எண்ணெய் இல்லை, கியர்பாக்ஸ் எண்ணெயே அதற்கும். மாற்றும்போது வடிகால் திருகின் காந்தத்தில் மையைப்போல் ஒட்டும் பொடி இருந்தால் இயல்பான தேய்மானம். நகக்கண்ணில் உறுத்தும் துணுக்கு இருந்தால் கூட்டைத் திறக்க வேண்டும். நான்கு டயர்களும் ஒரே வகையாகவும் ஒரே அளவு தேய்ந்தவையாகவும் இருக்க வேண்டும் என்பது பூட்டுக்காக அன்று, விஸ்கஸ் கப்ளிங்குக்காக. சுற்றளவு வேறுபட்டால் அது நேர் சாலையிலும் ஓயாமல் உழைத்துச் சீக்கிரம் இறுகிப்போகும். மாதத்துக்கு ஒருமுறை, மண் பாதையோ சரளைக்கல் பரப்போ கிடைக்கும் இடத்தில், இரண்டு பூட்டுகளையும் போட்டு எடுத்துவிடுகிறேன். இரண்டு நிமிட வேலை. எட்டாண்டுகளாக எதுவும் இறுகவில்லை.

முன் பூட்டைப் பற்றித்தான் என் கருத்து இன்னும் நிலைபெறவில்லை. பதினோரு ஆண்டுகளில் அதை உண்மையான தேவைக்காக இழுத்தது மூன்று முறை. அது விழுந்ததும் ஸ்டியரிங் இறுகி, வண்டி நேராக மட்டுமே போக விரும்பும். சக்கரத்தை முழுவதும் ஒடித்துக்கொண்டு விசை கொடுத்தால் திரும்பிய சக்கரத்துக்கும் விசையைக் கடத்தும் முன் சிவி ஜாயின்டுகள்தான் பலியாகும். ஆகவே கடைசியாகப் போட்டு, முதலில் எடுக்கிறேன். புதிதாக இத்தகைய வண்டி தேடுபவருக்குப் பின் பூட்டு இல்லாததை வாங்க வேண்டாம் என்பேன்; முன் பூட்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த மூன்று முறைகளில் ஒன்றில், சேற்றுப் பள்ளத்தில் மாலை மங்கும் நேரத்தில், டாஷ்போர்டுக் குமிழ் வேலை செய்யவில்லை. கைப்பம்பை முன் பூட்டின் குழாயில் நேரடியாக மாட்டி, மறுபக்கக் குழாயைக் கழற்றிவிட்டு, பத்துப் பன்னிரண்டு முறை உறிஞ்சி, முனையை மடித்துக் கட்டிப் பூட்டை விழவைத்தேன். வெளியே வந்ததும் கட்டை அவிழ்த்துக் குழாய்களை இடம் மாற்றி மாட்டி, அதே பம்பால் விடுவித்தேன். குமிழின் உள்ளே இருந்த ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது, மறுவாரம் மாற்றினேன்.