யார் யாரிடம் கேட்கிறார்கள்: கேள்வித்தாளா, கருவியா, இணையப் பதிவா?

அறிவியல் வகுப்பில் யார் யாரோடு சேர்ந்து படிக்கிறார்கள் என்று வலைப்பின்னலாக வரைய மூன்று வழிகள் உண்டு: மாணவர்களிடமே கேட்பது, கருவியை மாட்டி அளப்பது, பாடத்துக்கான இணையதளத்தில் (பாடத்தளம்) பதிவானதை எடுப்பது. ஒரே வகுப்புக்கு மூன்றும் மூன்று படம் தரும்.

கேட்பதுதான் மூத்த வழி. 1930களிலேயே உளமருத்துவர் ஜேக்கப் மொரீனோ, யார் பக்கத்தில் உட்கார ஆசை என்று பள்ளிப் பிள்ளைகளிடம் கேட்டு, பதில்களைப் புள்ளியும் கோடுமாக வரைந்தார். இதில் கேள்வியின் வாசகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. "நண்பர்கள் யார்?" என்றால் அரட்டைக் கூட்டாளிகள் வருவார்கள். "போன வாரம் கணக்கு வராதபோது யாரிடம் கேட்டீர்கள்?" என்றால் வேறு பெயர்கள் வரும். பத்துப் பேர் ஒருத்தியின் பெயரைச் சொல்லியிருக்க, அவள் பதிலுக்கு யாரையும் சொல்லாமல் விடலாம். அந்த ஒருவழிக் கோடே ஒரு செய்தி. நினைவிலிருந்து எழுதச் சொன்னால் நெருக்கமானவர்கள் மட்டும் தேறுவார்கள். வகுப்புப் பட்டியலைக் கொடுத்து 'டிக்' அடிக்கச் சொல்வது மேல். முந்நூறு பேர் வகுப்பென்றால் பாதியிலேயே சலித்துவிடும் என்பதும் உண்மை. இரு குழுக்களை இணைக்கும் ஆள் பதில் தராவிட்டால் பாலமே காணாமல் போகலாம்.

கருவிக்கு மறதி இல்லை. சோசியோபேட்டர்ன்ஸ் என்ற ஆய்வுக் குழுவின் உணரி பொருத்திய மார்பு அட்டைகள் சுமார் ஒன்றரை மீட்டருக்குள் எதிரெதிரே நிற்பவர்களை 20 விநாடித் துல்லியத்தில் குறிக்கும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சுமார் 1,000 மாணவர்களுக்குக் கைப்பேசி கொடுத்து, புளூடூத் மூலம் அருகாமையைப் பதிந்தார்கள். சரி, அருகில் நின்றால் பேசினார்கள் என்று ஆகிவிடுமா? ஆய்வகத்தில் வரிசை எண்படி ஒரே மேசையில் நிறுத்தப்பட்ட இருவர் மூன்று மணி நேரம் மௌனமாக பியூரெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் படத்தில் தடித்த கோடு விழும். பிரான்சின் மார்செய் நகரப் பள்ளி ஒன்றில் அட்டையையும், யாரைச் சந்தித்தோம் என்று மாணவர்களே எழுதிய நாட்குறிப்பையும் ஒப்பிட்டு 2015இல் வெளியான ஆய்வில், குறிப்பில் விடுபட்டவை பெரும்பாலும் குறுகிய சந்திப்புகளே. படிப்புத் துணையைத் தேடுபவருக்கு அது பெரிய நஷ்டமில்லை.

பாடத்தளப் பதிவு மலிவு, அவ்வளவுதான். உண்மையான சந்தேகங்கள் வாட்ஸப் குழுவில் தீர்ந்துவிடும்.

என் தேர்வு பட்டியலோடு கூடிய கேள்வித்தாள். பருவத் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று. தொற்று பரவுவதை ஆராய்ந்தால் மட்டும் கருவிக்குப் போவேன். ஒரு நிபந்தனை: பெயரில்லாமல் இந்த ஆய்வு நடக்காது, ஆகவே மதிப்பெண் போடும் ஆசிரியர் கைக்குப் போகுமுன் பெயர்களை எண்களாக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் யாருடைய ரெக்கார்டைப் பார்த்து எழுதினேன் என்று எந்த மாணவர் சொல்லப்போகிறார்?