குஞ்சுக்கு நான்கு நட்சத்திரம், கடைக்காரர் அறிவுரைக்கு ஒன்று

கடந்த செப்டம்பரில், தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வெளியே உள்ள ஒரு தீவனக் கடையில், பிறந்து ஒரு நாளான கோழிக்குஞ்சுகள் பத்து வாங்கினேன். இன்று எட்டு இருக்கின்றன. போன இரண்டும் குஞ்சின் குறையால் போகவில்லை. கடையின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே குஞ்சு எடுத்துக் கொடுக்கும் ஜூலு இனத்து அம்மாள் தங்கமானவர். என்னால் அவருக்கு ஒரு வம்பு வர வேண்டாம். அப்படி ஒரு கடைக்குப் போக நினைக்கிறவர்கள், அதிலும் வீட்டில் ஏற்கெனவே நாலைந்து கோழிகள் மேய்ந்துகொண்டிருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போகலாம்.

நான் நாமக்கல்காரி. பதினோரு ஆண்டுகளாக டர்பனின் சாட்ஸ்வர்த்தில் வாடகைக்கு இருக்கிறோம். ஊரிலிருந்து வந்த தமிழர்களிடம் நாமக்கல் என்று சொன்னதும், "அப்படியானால் கோழி உங்களுக்குக் கைவந்த தொழில்" என்கிறார்கள். எனக்கும் அந்தத் தொழிலுக்கும் இருந்த உறவு, முட்டை லாரிக்கு வழிவிட்டுச் சைக்கிளை ஓரங்கட்டியது மட்டும்தான். 2023-இல் பறவைக் காய்ச்சல் பரவித் தென்னாப்பிரிக்காவில் முட்டைக்கே தட்டுப்பாடு வந்ததல்லவா, அந்தக் கலவரம் அடங்கியதும் நான்கு கோழிகளை வாங்கிக் கொல்லையில் விட்டேன். கறுப்பி, செவலை, பொட்டு, மொட்டைக்கழுத்தி. இரண்டு ஆண்டு ஓடியதும் முட்டை குறையத் தொடங்கியது. முட்டையிடும் வயதை நெருங்கிய விடைக்கோழிகளாகவே வாங்கியிருக்கலாம். விலை அதிகம் என்பது ஒரு காரணம், என் மகள் பஞ்சுக் குஞ்சுதான் வேண்டும் என்று நின்றது இன்னொரு காரணம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குஞ்சுகள் புதன்கிழமை காலை வருகின்றன. அந்தக் கடையின் பிழைப்பு கறிக்கோழிக் குஞ்சில்தான் ஓடுகிறது: நூறு நூறாகப் பெட்டியில் வாங்கிப் போய், ஆறு வாரம் வளர்த்துத் தெருவில் விற்பவர்கள்தான் வரிசையில் நிற்கிறார்கள். என்னைப் போல் பத்து கேட்கிறவர்கள் ஓரமாக நிற்க வேண்டும். ஆனாலும் அந்த அம்மாள் என்னை அவசரப்படுத்தவில்லை. "மா, நீங்களே பாருங்கள்" என்று பெட்டியைத் திறந்து வைத்தார். (ஜூலுக்காரர்கள் மரியாதைக்கு 'மா' என்கிறார்கள். முதல் ஆண்டு முழுவதும் தமிழ்தான் பேசுகிறார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கிறேன்.) ஒவ்வொன்றாகத் தூக்கி, தொப்புள் மூடி உலர்ந்திருக்கிறதா, கால் பளபளப்பாக இருக்கிறதா, மல்லாத்தினால் துள்ளி எழுகிறதா என்று அவரே காட்டினார். தொப்புள் ஈரமாக இருந்த ஒன்றை நான் சொல்லாமலே எடுத்து ஒதுக்கினார்.

நான் வாங்கியது போச்செஃப்ஸ்ட்ரூம் கூக்கூக் இனம். 1950-களில் இந்த நாட்டிலேயே, போச்செஃப்ஸ்ட்ரூம் வேளாண் கல்லூரியில், கறுப்பு ஆஸ்ட்ரலார்ப், வெள்ளை லெக்ஹார்ன், பட்டைபோட்ட பிளிமத் ராக் மூன்றையும் கலந்து உருவாக்கியது. கூக்கூக் என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் குயில். வளர்ந்தால் உடலெல்லாம் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு விழும். முட்டையும் இடும், கறிக்கும் ஆகும், கொல்லையில் தானே இரை தேடிக்கொள்ளும். பிறந்த அன்றே ஆண், பெண் பிரிக்க முடிவது இதில் ஒரு வசதி: உச்சந்தலையில் வெள்ளைப் பொட்டு பெரிதாக இருந்தால் சேவல். பத்தும் பெட்டை என்று சொல்லித்தான், ஒன்று 35 ராண்ட் வீதம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு ஆயா பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "இது ஒன்று சேவல்" என்று விரலை நீட்டினார். நான் நம்பவில்லை. ஆயா சொன்னதுதான் சரி. பத்தில் ஒன்று தவறுவதற்கெல்லாம் நான் நட்சத்திரம் குறைக்க மாட்டேன்.

குஞ்சுக்குச் சூடு தர அந்தக் கடையில் விற்ற சிவப்பு விளக்கும் நல்ல சரக்கு. கயிறு இல்லாமல் சங்கிலியோடு தருகிறார்கள். கயிறு எரிந்து விளக்கு மரத்தூளில் விழுந்தால் வீடே போய்விடும். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்க வேண்டும். தெர்மாமீட்டரை இரண்டாம் நாளே எடுத்து வைத்துவிட்டேன். விளக்கடியில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி முண்டினால் குளிர். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து இளைத்தால் சூடு. இறைந்த கடலைபோல் அங்கங்கே கிடந்தால் சரி. ஐந்தாம் நாள் இரவு மின்சாரம் போய் மூன்று மணி நேரம் வரவில்லை. வெந்நீர்ப் புட்டிகளைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துச் சமாளித்தோம். ஒரு குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் காய்ந்து அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடைத்தால் போகிறது, பிய்த்து எடுக்கக் கூடாது. நான்கு வாரம் வரை பத்தும் பத்தாகவே இருந்தன. குஞ்சுக்கு நான்கு நட்சத்திரம் தருவது இதனால்தான்.

இனி அந்த ஒற்றை நட்சத்திரம்.

பணம் வாங்கும் மேசையில் ஓர் இளைஞர் இருந்தார். எத்தனை குஞ்சு, ரொக்கமா, அட்டையா, பெட்டி கொண்டுவந்தீர்களா என்று எல்லாம் கேட்டார். வீட்டில் ஏற்கெனவே கோழி இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். "அப்படியானால் சுலபம். நான்கு வாரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக விட்டுவிடுங்கள். இரவில், இருட்டில் கூண்டுக்குள் வையுங்கள், காலையில் பழகியிருக்கும். தீவனமும் ஒன்றே போதும், முட்டைக்கோழித் தீவனம். தடுப்பூசி எல்லாம் போட்டாயிற்று." நான்கு விஷயம்தான். நான்கும் என் தலையில் விடிந்தன.

தடுப்பூசியிலிருந்து தொடங்குகிறேன். 'எல்லாம்' என்று அவர் சொன்னது ஒன்றே ஒன்று, கோழியின் காலை முடக்கும் மாரெக்ஸ் நோய்க்கானது. பெட்டியில் ஒட்டியிருந்த சீட்டை வீட்டில் படித்த பிறகுதான் தெரிந்தது. வெள்ளைக்கழிச்சலுக்குப் போடவில்லை. இங்கே அதை நியூகாசில் நோய் என்கிறார்கள். நம் மாகாணத்து நியூகாசில் ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை, பெயர் இங்கிலாந்து நகரத்துடையது. அந்தச் சொட்டு மருந்தைத் தேடிப் பிடித்து நானே கண்ணில் விட்டேன். மாரெக்ஸ் ஊசியும் போட்ட அன்றே காவல் நிற்பதில்லை, எதிர்ப்பு உண்டாக ஒன்றிரண்டு வாரம் ஆகும். பெரிய கோழிகள் நோய் வெளியே தெரியாமலே அந்தக் கிருமியைச் சிறகுத் தூசியில் உதிர்த்துக்கொண்டிருக்கலாம். அதனால் முதல் இரண்டு வாரம் குஞ்சும் பெரிய கோழிகளும் ஒரே காற்றைக்கூடச் சுவாசிக்காமல் இருப்பது நல்லது. எங்கள் குஞ்சுகள் தப்பியது என் அறிவால் இல்லை. விளக்கு மாட்ட வசதியான கொக்கி வீட்டுக்குள் சலவைத் தொட்டி அறையில்தான் இருந்தது, அதனால் அங்கே வைத்தேன். கோழிக்கூண்டைச் சுத்தம் செய்த அதே செருப்போடு குஞ்சறைக்குள் எத்தனை முறை போனேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. காலையில் முதலில் குஞ்சு, பிறகுதான் பெரியவை. செருப்பு வேறு வேறு. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகுமா?

அக்டோபரில் மழை பிடித்தது. சரியாக நான்கு வாரம். இளைஞர் சொன்னபடி குஞ்சுகளை இருட்டியதும் கொல்லைக் கூண்டுக்குள் வைத்தேன். குஞ்சுத் தீவனம் தீர்ந்திருந்தது; அவர் சொன்னபடியே எல்லாவற்றுக்கும் முட்டைக்கோழித் தீவனம்.

காலையில் பழகியிருக்கவில்லை. செவலை வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு குஞ்சின் உச்சந்தலைத் தோல் உரிந்து தொங்கியது. மற்றவை முட்டையிடும் பெட்டிக்குக் கீழே, ஒரு செருப்பு நுழையும் இடத்தில், ஒன்பதும் ஒரே உருண்டையாக ஒடுங்கியிருந்தன. செவலை அதுவரை யாரையும் கொத்தியதில்லை. நான்கில் கடைசி அதுதான். கறுப்பி கொத்தினால் நகர்ந்துவிடும், மொட்டைக்கழுத்தி வந்தால் தீவனத்தை விட்டுவிடும். தனக்கும் கீழே பத்துப் பேர் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அதற்கு வந்த தோரணையைப் பார்க்க வேண்டுமே! அலுவலகங்களில் இப்படிச் சிலரை எனக்குத் தெரியும். காயத்துக்கு ஊதா மருந்து தடவி அந்தக் குஞ்சைத் தனியே வைத்தேன், பிழைத்தது.

கொத்து கண்ணுக்குத் தெரிந்தது. தெரியாதது அடுத்த வாரம் வந்தது. இரண்டு குஞ்சுகள் செட்டையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி நின்றன. எச்சத்தில் இரத்தம். மூன்றாம் நாளுக்குள் இரண்டும் போய்விட்டன. ஊரில் இருக்கும் அம்மாவைக் கைப்பேசியில் அழைத்துக் காட்டினேன். "இரத்தக் கழிச்சல் இது" என்றார் பார்த்தவுடனே. ஊரில் எங்கள் தெருப் பையன் ஒருவன் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படிக்கிறான். அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துவிட்டார். அவன் கேட்ட முதல் கேள்வி: "அக்கா, தீவனத்தை எப்போது மாற்றினீர்கள்?"

அப்போதுதான் விளங்கியது. நான் வாங்கியிருந்த குஞ்சுத் தீவனத்தில் இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து கலந்திருந்தது, மூட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. முட்டைக்கோழித் தீவனத்தில் அது இருப்பதில்லை. அந்தக் கிருமி எச்சத்தோடு வெளியே வந்து, ஈர மண்ணில் தொற்றும் பக்குவத்துக்கு வருவது. இரண்டு ஆண்டாக நான்கு கோழிகள் கிளறிய மழைச் சேற்றில் குஞ்சுகள் முதன்முதலாகக் கால் வைத்த அதே நாளில் மருந்தையும் நிறுத்தியிருக்கிறேன். பெரியவற்றுக்கு அது பழகிய கிருமி, ஒன்றும் செய்யாது. இன்னொன்றும் சொன்னான்: முட்டையின் ஓட்டுக்காக அந்தத் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து நூற்றுக்கு மூன்றரை, நான்கு வரை இருக்கும். குஞ்சுக்கு ஒன்று போதும்; மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். ஒரே தீவனம்தான் வேண்டும் என்றால் தலைகீழாகச் செய்ய வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் வளர்பருவத் தீவனம், முட்டையிடும் கோழிகளுக்கு மட்டும் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில். வேண்டியது தின்னும், வேண்டாதது தொடாது.

இரத்தக் கழிச்சலுக்குத் தண்ணீரில் கலந்து கொடுக்கும் ஆம்ப்ரோலியம் மருந்து வாங்க அதே கடைக்கு ஓடினேன். மேசைக்குப் பின்னால், அந்த இளைஞரின் தலைக்கு மேல் அலமாரியில், வரிசையாக அடுக்கியிருந்தது. கேட்டால் கொடுக்கிறார்கள். கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த இளைஞரிடம் நடந்ததைச் சொன்னேன். "எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், மேடம்" என்றார். ஜூலு அம்மாள்தான் வெளியே வரை கூட வந்தார். அவர் வீட்டிலும் கோழி உண்டு. உம்லெக்வா, ஓடித்திரியும் கெட்டிக் கோழி. அவர் பெட்டிக் குஞ்சைத் தனியே வளர்ப்பதே இல்லையாம். கோழி அடை படுத்திருக்கும்போது, குஞ்சு பொரித்த ஒன்றிரண்டு நாளுக்குள், இரவில் அதன் வயிற்றடியில் சொருகிவிடுவாராம். இருட்டில் வைக்கும் வித்தை அந்த இளைஞருக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. அடைக்கோழிக்குச் சொன்னதை அடைக்கோழி இல்லாதவளுக்குச் சொல்லிவிட்டார். என் அம்மாவும் ஊரில் அதைத்தான் செய்வார், பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து.

மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டையும் மேட்டில் புது இடத்துக்கு மாற்றி, நடுவே கம்பி வலை கட்டினோம். பார்க்கலாம், கொத்த முடியாது. வலைக்கு மேலும் மூட வேண்டும், இங்கே குரங்குத் தொல்லை உங்களுக்கே தெரியும். பதினோராவது வாரம் வலையில் தாழ்வாக ஒரு பொந்து வெட்டினேன், குஞ்சு நுழையும் அளவு, செவலை நுழையாத அளவு. தீவனமும் தண்ணீரும் இரண்டு இடத்தில். துரத்தினால் உள்ளே ஓடிவிடும். இரண்டு வாரத்தில் செவலைக்கே அலுத்துப்போய்விட்டது.

மார்ச்சில் இன்னும் ஆறு குஞ்சு வாங்கலாம் என்றிருக்கிறேன், அதே கடையில்தான். புதன்கிழமை எட்டு மணிக்குள் போய்விடுங்கள், பெட்டி நீங்களே கொண்டுபோங்கள், பேச்சை ஜூலு அம்மாளோடு வைத்துக்கொள்ளுங்கள்.

விடைக்கோழிகள் ஏழும் இன்னும் முட்டையிடவில்லை, கொண்டை சிவந்துவருகிறது. சேவலுக்கு மகள் பெயர் வைத்துவிட்டாள். அது முந்தாநாள்தான் முதன்முதலாகக் கூவியது, தகரத்தைக் கீறியதுபோல். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆயா, இந்த ஆண்டு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது எந்த ஞாயிறு என்று கேட்டார். காதில் விழாததுபோல் உள்ளே வந்துவிட்டேன்.